நாலாவது கம்பி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். மழை இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கண்மாய் நிறையவில்லை, ஆனால் மிளகாய்க் கன்று பிழைத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் குளிர் தொடங்கியிருக்கும், தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே. உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. அப்பா ஏன் பதில் போடவில்லை என்று நீ யோசித்திருப்பாய். நீ கேட்டிருந்த கேள்விக்கு ஒரு கார்டில் நாலு வரி எழுதினால் போதும். அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்துதான் இத்தனை தாளாகிவிட்டது. மில் ஆபீஸில் நாலு பேர் நடுவில் இருந்து இதைப் பிரிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

முதலில் உன் கேள்வி. சிவகாசியில் உன் வருங்கால மாமனார் தன் லேபிள் பிரஸ்ஸுக்குப் புதிதாக த்ரீ பேஸ் மோட்டார் வாங்கியிருக்கிறார், காலண்டர் ஆர்டர் குவிந்து கிடப்பதால் அதைச் சீக்கிரம் ஓட்டியாக வேண்டும், அதற்கு மூன்று கம்பி போதுமா, நாலாவதாக நியூட்ரல் வேண்டுமா என்று உன்னிடம் கேட்டாராம். வயர்மேன் மகனாயிற்றே என்று உன்னைக் கேட்டிருக்கிறார், பாவம். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது அவருக்குத் தெரியாது. பியூஸ் போனால் "அப்பா வரட்டும்" என்று இருட்டிலேயே உட்கார்ந்திருந்த ஆள் நீ. உனக்கு விளங்கும்படி சொல்கிறேன், நீ அவருக்குச் சொல்.

ஒரே உரலில் மூன்று பேர் நின்று கம்பு குத்துவதை நீ பார்த்திருப்பாய். ஓர் உலக்கை இறங்கும்போது ஒன்று பாதியில் இருக்கும், இன்னொன்று மேலே ஏறிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று இடிக்காது, உரலும் சும்மா இருக்காது. த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று கம்பியிலும் கரண்டு இப்படித்தான் முறை வைத்து வருகிறது. ஒரு கம்பி வழியாக உள்ளே வருவது மற்ற இரண்டின் வழியாக வெளியே போய்விடுகிறது. மூன்றுக்கும் ஒரே அளவு வேலை என்பதால் கடைசியில் மிச்சம் ஒன்றும் நிற்பதில்லை. மிச்சம் இருந்தால்தானே அதைத் திருப்பிக் கொண்டுபோக இன்னொரு கம்பி வேண்டும்? ஆகவே மோட்டாருக்கு மட்டும் என்றால் மூன்று போதும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் பயப்பட வேண்டாம், மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் நேராகிவிடும். இரும்பு உடம்பிலிருந்து மண்ணுக்குப் போகிற எர்த் கம்பி வேறு விஷயம், அது எப்போதும் வேண்டும். நியூட்ரல் வேறு, எர்த் வேறு. இந்த ஒரு வரியின் கீழே நான் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்.

இனி நியூட்ரல் எப்போது வேண்டும் என்பது. மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று இருக்குமல்லவா, அதற்குள் ஒரு காயில் உண்டு. அது நானூறு வோல்ட் காயில் என்றால் அந்த மூன்றில் இரண்டு பேஸ் கம்பிக்கு நடுவிலேயே வேலை செய்துவிடும். இருநூற்று முப்பது என்று எழுதியிருந்தால் ஒரு பேஸும் ஒரு நியூட்ரலும் கட்டாயம் வேண்டும். மாமனாரை ஸ்டார்ட்டரின் தகட்டில் உள்ளதைப் படித்துப் பார்க்கச் சொல். அதைவிட முக்கியம், லைட்டு. மிஷினுக்கு மேலே பல்பு தொங்காத பிரஸ் எங்கே இருக்கிறது? பல்பு ஒற்றைக் கம்பியில் கரண்டை வாங்கிக்கொள்கிறது. அது திரும்பிப் போக நியூட்ரல் இல்லாமல் முடியாது. பட்டாசு ஆலை என்றால் வெடிமருந்து அறைக்குள் கரண்டையே விடமாட்டார்கள், பேச்சே இல்லை. பிரஸ்ஸில் அப்படி இல்லை. அதனால் கம்பத்திலிருந்தே நாலு கம்பியாக இறக்கிவிடச் சொல். கார்த்திகையில் பரிசம் முடிந்ததும் நானே வந்து மோட்டாரை மாட்டித் தருகிறேன் என்றும் சொல்.

நாரணாபுரம் ரோட்டில் ஒரு பிரஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன், அவருக்குச் சொன்னால் சிரிப்பார். அங்கே மிஷின் ஹாலில் பல்பு நிறைய, அச்சுக் கோக்கிற இடத்தில் இரண்டே பல்பு. ஹாலுக்கு ஒரு பேஸ், அச்சுக் கோக்கிற இடத்துக்கு வேறு பேஸ். ஒரு நாள் போர்டில் நியூட்ரல் நழுவி, ஒரு பக்கத்துக் கரண்டு மறுபக்கத்துப் பல்பு வழியாகத் திரும்ப வேண்டியதாயிற்று. ஹாலில் எல்லாம் மங்கி அழுதுகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் இரண்டு பல்பும் சூரியன்போல் எரிந்து, ஒன்று பட்டென்று வெடித்தேவிட்டது. மோட்டார் மட்டும் எனக்கென்ன என்று ஓடுகிறது. முதலாளி என்னிடம், "மோட்டர்தான் ஓடுதுல்ல, அப்ப லைன்ல என்ன கொறைங்கீக? பல்புக் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்கிறார். நான் போய் ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு வந்தேன். அன்று சிவகாசி பஜார் முழுக்க என்னைப் பற்றிப் பேச்சு. எனக்குத் தலைக்கனம் ஏறத் தொடங்கியதும் அந்த நாளில்தான்.

எனக்கு நியூட்ரல் மேல் மரியாதை இருந்தது என்று இதை வைத்து நினைத்துவிடாதே. நான் அதற்கு வைத்திருந்த பெயர் 'சும்மா கம்பி'. டெஸ்டரை வைத்தால் எரியாது, தொட்டால் ஒன்றும் செய்யாது, மற்ற மூன்றும் வேலை பார்க்க அது பாட்டுக்குக் கிடக்கிறது என்று கேலியாகச் சொல்வேன். என்னோடு வேலை பார்த்தவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். "வீட்டுல அவுக என்ன செய்றாக?" என்று உன் அம்மாவைப் பற்றி யாராவது கேட்டால், "வீட்டுலதான், சும்மா இருக்கா" என்று சொல்வேன். விடியுமுன் தோட்டத்துக்குப் போய் மோட்டார் போட்டு, வாய்க்கால் மாற்றி, வந்து உலை வைத்து, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய ஒருத்தியைத்தான் அப்படிச் சொன்னேன்.

இப்போது உன் கடிதத்தின் மற்றப் பாதிக்கு வருகிறேன். மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது நம் வீட்டுக் கதைகள் சொன்னாயாம். அம்மா ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்ட கதையைச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "வயர்மேன் பெண்டாட்டிக்கே இந்தக் கதியா?" என்று மாமனார் கேட்டாராம். உனக்குப் பேசியிருக்கிற சங்கரியிடம் நீ, "எங்கம்மா மாதிரி நீயும் ஈரக்கையா இருந்துராத" என்று சொன்னாயாம். அந்த இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. உனக்கு யார் சொன்ன கதை அது? நான் சொன்னது. அது பொய்.

நம் தோட்டத்துக்கு, வெம்பக்கோட்டை ரோட்டுக் கிணற்றுக்கு, கரண்டு வந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் இறைத்த கமலை மாடுகளை விற்றுவிட்டு ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் போட்டோம். கம்பம்வரைக்கும் நாலு கம்பி வந்தது. அங்கிருந்து மோட்டார் அறைக்கு நான் மூன்றுதான் இறக்கினேன். லைன்மேன் கேட்டார், "நாலையும் எறக்கிருங்களேன் அண்ணாச்சி, பின்னால ஒதவும்." நான் சிரித்தேன். "மோட்டருக்கு எதுக்கு சும்மா கம்பி? எனக்கே சொல்லித் தாரீகளா?" என்றேன். சுற்றி நின்ற தோட்டக்கார சம்சாரிகள் எல்லாம் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த மாசமே உன் அம்மா கேட்டாள். "ஏங்க, மோட்டர் ரூமுல ஒரு லைட்டுப் போட்டுக் குடுங்களேன். விடியக்காலம் உள்ள போனா, பாம்பு கெடக்கா கயிறு கெடக்கான்னு தெரியல." முறையாகச் செய்வதென்றால் கம்பத்தில் ஏறி நாலாவது கம்பியை இறக்க வேண்டும். ஊரார் முன்னால் வேண்டாம் என்று சொன்ன கம்பியை ஒரு மாசத்தில் எப்படி இறக்குவது? அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பல்பின் ஒரு முனையை பேஸில் கொடுத்தேன். மறு முனையைப் பம்பிலிருந்து கிணற்றுக்குள் இறங்குகிற இரும்புக் குழாயில் சுற்றிவிட்டேன். குழாய் தண்ணீருக்குள் போகிறது, தண்ணீர் பூமிக்குள் போகிறது, பூமி வழியாகக் கரண்டு திரும்பிப் போய்விடும். மோட்டாருக்கும் அதே குழாய்தான் எர்த். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நீங்க கெட்டிக்காரவுகதான்" என்றாள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் அப்படியே வேண்டும் என்றார்கள். அவர்களுக்கும் செய்துகொடுத்தேன்.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு அந்தக் கோடை வந்தது. கிணறு வற்றி, தண்ணீர் குழாயின் நுனிக்குக் கீழே போய்விட்டது. இரும்புக் குழாயை நீட்ட ஆள் வைக்க வேண்டும், நாளாகும். நான் சிவகாசியிலிருந்து தடிமனான ரப்பர் குழாய் ஒன்றை வாங்கிவந்து இரும்பின் நுனியில் மாட்டித் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீர் நன்றாக ஏறியது. பல்பின் கரண்டு அந்த இரும்பு வழியாகத்தான் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போது நடுவில் ரப்பரை வைத்து அந்த வழியை அடைத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரும்புக்கும் மண்ணுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. லைட்டு சுவிட்சைப் போட்டால் பல்பு எரியாது, ஆனால் பம்பு, குழாய், மோட்டார் உடம்பு எல்லாவற்றிலும் கரண்டு வந்து, போக வழியில்லாமல் நிற்கும்.

அப்போது நமக்குத் தோட்ட வேலை பார்த்தவர் கருப்பசாமி, உனக்குத் தெரியும். ரப்பர் குழாய் மாட்டிய பிறகு இரண்டு நாள் அம்மாவுக்குப் பதில் அவர்தான் மோட்டார் போட்டார். டயர் செருப்பு இல்லாமல் அவர் எங்கேயும் நடக்கமாட்டார், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. லைட்டு எரியவில்லை என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா என்னிடம் சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ரெண்டு நாளா லைட்டு எரியலையாம்ங்க, என்னன்னு ஒரு எட்டு பாருங்க" என்றாள். "பல்பு போயிருக்கும். பாக்கேன், பாக்கேன்" என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி சிவகாசிக்கு வேலைக்குப் போய்விட்டேன். கடையில் அரை நிமிடம் நின்று ஒரு பல்பு வாங்கக்கூட நினைவில்லை. தம்பி, நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். சங்கரி ஒன்றைக் கவனித்து இரண்டாம் தரம் உன்னிடம் சொன்னால், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேரே போய்ப் பார். எரியாத பல்பு என்றாலும் சரி, எரிகிற வயிறு என்றாலும் சரி.

அன்று கருப்பசாமி வரக் கொஞ்சம் தாமதம். செடி வாடுகிறதே என்று அம்மாவே போயிருக்கிறாள், வெறுங்காலோடு. லைட்டு சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், எரியவில்லை. சரி என்று அதை அணைக்காமல் விட்டுவிட்டு, மோட்டார் போடுமுன் பம்புக்குள் தண்ணீர் ஊற்றப் பித்தளைக் குடத்தை எடுத்துப் போய் பம்பின் வாயில் வைத்திருக்கிறாள். கீழே ஈரத் தரை. நான் மத்தியானம் ஆள் வந்து சொல்லி ஓடிவந்தபோது கருப்பசாமி ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை.

"அக்கா கொடத்த வச்ச கையோட அப்பிடியே நிக்காக. கூப்பிட்டேன், பேச்சு மூச்சில்ல. அப்பத்தான் பாத்தேன் அண்ணாச்சி, ரெண்டு நாளா எரியாத பல்பு செவசெவன்னு லேசா எரியுது. என்னமோ ஆகிப்போச்சுன்னு கம்பால சுவிட்ச ஓங்கி அடிச்சேன். லைட்டு அணைஞ்சுச்சு, அக்கா விழுந்துட்டாக."

பல்பு எரிந்தது என்று அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது ஏன் எரிந்தது என்று இந்த வட்டாரத்தில் அன்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். போக வழியில்லாமல் நின்ற கரண்டுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. குடத்தின் வழியாக ஏறி, கையில் புகுந்து, உடம்பு வழியாக இறங்கி, வெறுங்காலால் ஈர மண்ணுக்குப் போயிருக்கிறது. நான் வேண்டாம் என்று சொன்ன நாலாவது கம்பியாக அன்று உன் அம்மா நின்றிருக்கிறாள், தம்பி. பல்பு அவளை வைத்து எரிந்திருக்கிறது.

கருப்பசாமியிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணு மங்கியிருக்கும்ப்பா, பல்பு எப்பிடி எரியும்? இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத." அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே கம்பவுண்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். என் வாயில் தானாக வந்தது: "ஈரக்கையோட சுவிட்சத் தொட்டுட்டா." எல்லோரும் அச்சச்சோ என்றார்கள். அது அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டிலில் அம்மா கண் விழித்திருந்தாள். கையில் கட்டு. மெதுவாக என்னிடம் கேட்டாள், "அப்பிடியா செஞ்சேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே." அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமா, அப்பிடித்தான் செஞ்ச. இனிமேலாவது சூதானமா இரு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். கரண்டு விஷயம் என்றால் அவரைக் கேள் என்று சிவகாசியில் என்னைத்தான் கைகாட்டினார்கள். சொந்தத் தோட்டத்தில் சொந்தப் பெண்டாட்டியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். அதற்கு மேல் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மறுநாளே கம்பத்தில் ஏறி நாலாவது கம்பியை இறக்கினேன், மோட்டாருக்குத் தனியாக எர்த் குழி தோண்டினேன். பக்கத்துத் தோட்டங்கள் இரண்டிலும் ஏதோ சாக்குச் சொல்லி எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். அவர்களுக்குக் கெடுதல் வரவிடவில்லை. அந்த ஒரு காரியம்தான் அந்த நாட்களில் நான் செய்த நல்ல காரியம்.

அம்மாவின் வலது கையில் கடைசி இரண்டு விரல் மடங்காமல் போனது உனக்குத் தெரியும். புடைக்கச் சுளகைப் பிடித்தால் ஒரு பக்கம் சாயும். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு, அது கெடுதல் என்று உனக்குத் தோன்றியிருக்காது. உன் சித்தப்பா அவளுக்கு 'ஈரக்கை மதினி' என்று பெயர் வைத்தான். கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்கே போனாலும் "மதினி, கையத் தொடச்சுட்டுத் தொடுங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஹாஸ்டலிலிருந்து வந்த நீ, 'ஈரக்கையுடன் தொடாதே' என்று சிவப்பு மையில் எழுதி நடுவீட்டு சுவிட்சுக்கு மேலே ஒட்டினாய். அம்மா மேல் உள்ள பிரியத்தில் செய்தாய், எனக்குத் தெரியும். அவள் அதற்குப் பிறகு சுவிட்சையே தொடுவதில்லை. நான் வேலை முடிந்து வர நேரமானால் சிம்னி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரேடியோவைத் திருப்பக்கூட யாரையாவது கூப்பிடுவாள். "நான்தான் கவனம் கெட்டவளாச்சே" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எத்தனையோ முள்ளை மிதித்த எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. தாங்க முடியாமல், ஆனால் வாயையும் திறக்காமல், இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

இப்போது நீ அந்தக் கதையைச் சம்பந்தி வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டாய். நாளைக்கு சங்கரி நம் வீட்டுக்கு வருவாள். மாமியார் என்றால் ஈரக்கை என்று சிரித்துக்கொண்டே வருவாள். உங்கள் பிள்ளைகளுக்கும் நீங்கள் அதையே சொல்வீர்கள். என் பொய் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிவிட்டது. தபாலில் போடக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். பிறகு, இவளுக்குச் சொல்லாமல் உனக்கு மட்டும் சொல்வது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. திரும்பி வந்து, மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் முன்னால் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அவள் கை நின்றுவிட்டது. கருப்பசாமி சொன்ன இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"லைட்டு எரிஞ்சுச்சுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"நானும் பாத்தேன்" என்றாள். "கண்ணு முன்னால செவப்பா ஒரு வெளிச்சம். ஆத்தா வந்து நிக்கான்னு நெனச்சேன். சொன்னா சிரிப்பீகன்னு யார்ட்டயும் சொல்லல. அதுக்காகத்தான் வருசா வருசம் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுத்தேன்."

அவள் எதற்காகத் தீச்சட்டி எடுக்கிறாள் என்று நான் ஒரு வருடமும் கேட்டதில்லை, தம்பி. அவள் சாமி என்று கும்பிட்ட வெளிச்சம் நான் செய்துவைத்த தப்பு என்று சொல்லிவிட்டோமே, இதையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னாலேயே அழுதேன். அவள் அழவில்லை. "நீங்க எதுக்கு அதுக்குப்போயி அழுதீக?" என்றாள். "காப்பாத்துனது ஆத்தாதான். கொல்லப் பாத்தது நீங்க. ரெண்டும் வேற வேற." சொல்லிவிட்டு மிளகாயை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. இன்று காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்தக் காயிதத்த இன்னும் போடலையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "போடுங்க. ஆனா அவனுக்கு மட்டும் எழுதுனாப் போதுமா? எம்புட்டுப் பேரு முன்னால என்னயச் சிரிச்சீக? அம்புட்டுப் பேரு முன்னாலயும் சொல்லணும். பரிசம் போடுற அன்னைக்கு ரெண்டு பக்கச் சனமும் இருக்கும்ல, அங்கன சொல்லுங்க."

நான், "வெத்தல பாக்கு மாத்தி முடிஞ்சதும், மெதுவா..." என்று இழுத்தேன்.

"மாத்துன பெறகு சொன்னா அதுல என்ன இருக்கு?" என்றாள். "முந்திச் சொல்லணும். பிரஸ்ஸுக்கு மோட்டர் மாட்டப் போறவரு யாருன்னு அவுகளும் தெரிஞ்சுக்கிடணும்ல. ஏத்துக்கிட்டா ஏத்துக்கிடட்டும்."

நான் பயந்தது அவளுக்குத் தெரிந்தது, ஆனால் இறங்கி வரவில்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட உண்டாயிற்று, ஏன் என்று கேட்காதே. நியாயமாகக் கேட்கத் தெரிந்த ஒருத்தியை இத்தனை நாள் நான் கவனம் கெட்டவளாக உட்கார வைத்திருந்தேன்.

ஆகவே கார்த்திகையில் பரிசத்தன்று நான் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். உன் சித்தப்பா இருப்பான், கம்பத்தடியில் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட சம்சாரிகள் இருப்பார்கள், கருப்பசாமியை நானே நேரில் போய் அழைத்துவிட்டேன். உன் மாமனார் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. மோட்டாரை வேறு ஆளை வைத்து மாட்டிக்கொள்கிறேன் என்று சொன்னால் அது நியாயம், நான் வருத்தப்படமாட்டேன். பெண் வீட்டார் எழுந்துபோய்த் தனியாகப் பேசிக்கொண்டால் நீ பதறாதே. அவர்கள் யோசித்து வரட்டும். அதற்கு முன்னால் நீ சங்கரிக்கு இந்தக் கடிதத்தைக் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். அது உங்கள் இருவர் பாடு.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நான் எழுந்து நிற்கும்போது சபை ஒரு மாதிரியாகிவிடும், அப்பா தலைகுனிகிறாரே என்று உனக்கு மனசு பதைக்கும், ஓடிவந்து என் பக்கத்தில் நிற்கத் தோன்றும். வராதே, ஐயா. நான் தனியாகச் சொல்லிவிடுவேன். நீ போய் உன் அம்மா பக்கத்தில் உட்கார்.

இப்படிக்கு,
உன் அப்பா